அஜ்மல் கூப்பிடும் எண்

என் தங்கை சாயிமா ரங்கூனின் தாமுவே பகுதியிலிருந்து தாகேதா பகுதிக்குக் குடிபோனபோது இணைய இணைப்பை உடனே மாற்றிக் கொடுத்தார்கள். அவள் கணவர் அஜ்மலுக்குத் தெரிந்த பழைய தொலைபேசி எண்ணை மட்டும் புது வீட்டுக்கு மாற்ற முடியாதென்று மூன்று மனுக்களைத் திருப்பிவிட்டார்கள். நான்காவதை எழுதிக்கொண்டு அவளையும் தொலைபேசி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

"புது நம்பரை வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க, மா சாயிமா," என்று பர்மிய வழக்கப்படி 'மா' சேர்த்து மரியாதையாகச் சொன்னார் எழுத்தர்.

"எப்படிச் சொல்றது? அவரு கப்பல்ல இருக்காரு. கரைக்கு வந்தா அவரேதான் கூப்பிடுவாரு."

"ஈமெயில் அனுப்புங்களேன். இண்டர்நெட்தான் இருக்கே!"

"அவரு எஞ்சின் துடைக்கிறவரு. கம்ப்யூட்டரு கேப்டன் மேசையில இருக்கு. அதைப் போய்த் தட்டச் சொல்றீங்களா?"

பழைய எண் இனி யாருக்கு என்று நான் கேட்டேன். புது இணைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு என்றார்.

"பாத்தியா காக்கா! என் மனுசன் கூப்பிட்டா எவளோ ஒருத்தி எடுத்து, சாயிமான்னு யாரும் இல்லன்னுவா!" என்று அண்ணனான என்னிடம் சொல்லிவிட்டு எழுத்தர் பக்கம் திரும்பினாள். "அந்த ஆளு விலாசத்தைக் குடுங்க. நானே போய்ப் புது நம்பரை எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."

"அது ஆபீஸ் ரகசியம்."

"என் நம்பரைத் தூக்கிக் குடுப்பீங்க, யாருக்குன்னு கேட்டா ரகசியமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எழுத்தர் பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க எழுந்து போனார். மனுவின் பின்பக்கத்தில் முதல் பெயருக்கு எதிரே இருந்த விலாசத்தை எழுதிக்கொண்டேன்.