அப்படியே சொல்லுங்க

அப்பா அசியெடுவுக்காக வாங்கிய சவப்பெட்டியைக் கூடத்தில் இறக்க வைத்துவிட்டு அஃபோரிவா கையைத் துடைத்துக்கொண்டாள். பெட்டி கொடுப்பதோடு பிள்ளைகளின் வேலை முடிந்தது. அக்ரோபாங் ஊரில் பிணம் இறந்தவரின் தாய்வழிக் குலத்துக்குச் சொந்தம். அவளோ அவள் அம்மாவின் குலம். அழுகை இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்றிருந்தது.

"நானா, ஆயிக்வே மாமாதான் முதல்ல பேசணும். 'நான் எங்க தப்புன்னு அவன் சொல்லட்டும்'னு அப்பா ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டாரு," என்றாள்.

ஊரே மரியாதையாக 'நானா' என்று அழைக்கும் குலத்தலைவர் ஒட்டெங்கின் முகம் சுண்டியது. "செத்தவனைத் தப்புன்னு சொல்ல ஒரு ஆளா? பேசட்டும். ஆனா குவாஃபோ எடுத்துச் சொல்வான்."

சபையில் யார் பேச்சும் நேராகப் போகாது. கோலோடு நிற்கும் குவாஃபோ அதை வாங்கி, இழைத்து, பூச்சூட்டித்தான் கொடுப்பார்.

ஆயிக்வே எழுந்தார். பல்கலைக்கழகத்தில் அப்பாவும் அவரும் ஒரே அறை. மாணவர்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்ததைவிடத் தங்களுக்குள் சண்டை போட்டதுதான் அதிகம்.

"ஊராலதான் ஒருத்தன் மனுஷனாகிறான்னு கடைசிவரைக்கும் சாதிச்சான் அசியெடு. தப்பு. மனுஷன் பிறக்கும்போதே முழுசு. பாருங்க, அவனோட ஒரே ஆசையைக்கூட ஊர்கிட்ட கெஞ்சித்தான் வாங்கவேண்டியிருக்கு."

குவாஃபோ தொண்டையைச் செருமினார். "ஊரோட பெருமையை உலகத்துக்கே சொன்ன மகான் நம்ம அசியெடுன்னு நண்பர் சொல்றாரு!"

கூட்டம் தலையாட்டியது. அஃபோரிவாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பா இன்னொரு முறை செத்ததுபோலத்தான் இருந்தது. எழுந்து நின்றாள்.

"அவர் அப்படிச் சொல்லல. தப்புன்னு சொன்னாரு. அப்படியே சொல்லுங்க."

"வேற குலத்துப் பொண்ணுக்கு இங்க என்ன பேச்சு? உக்காரு!" என்றார் ஒட்டெங்.

"பெட்டி நான் கொடுத்தது, நானா. உள்ள பொய்யையும் வெச்சு மூட விடமாட்டேன்."

ஒட்டெங் பெட்டியையே பார்த்தார். பிறகு குவாஃபோவிடம் தலையசைத்தார்.

குவாஃபோ கோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அசியெடு சொன்னது தப்பு."

பின்வரிசையில் அப்பாவின் பழைய மாணவி ஒருத்தி துள்ளி எழுந்தாள். "தப்பு உங்க மேலதான் சார்! ஊரே இல்லன்னா இதை யார் முன்னாடி பேசுவீங்க?"

"வாம்மா, முன்னாடி வந்து சொல்லு," என்றார் ஆயிக்வே. அவர் குரலில் உயிர் வந்திருந்தது.

பேச்சு குறுக்கும் நெடுக்குமாகப் போனது. ஒரு கட்டத்தில் ஒட்டெங்கே குவாஃபோவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆயிக்வேயைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

அடக்கம் செய்ய வந்தவர் அஃபோரிவாவின் அருகே குனிந்தார். "மூடிடலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க," என்றாள். "இன்னும் முடியல."