சுணங்கி இறுகும் பசை

1

இந்தக் கதை காத்தான்குடியில், நௌஷாட்டின் ஹாட்வெயார் கடையில் எனக்குக் கிடைத்தது. திருடியது என்று நீங்கள் சொன்னாலும் கோபமில்லை. மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து, ஒட்டுவதற்குக் கம் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மனிதர் கேட்டார்:

"தம்பி, ஆகச் சுணங்கி இறுகுற எபொக்சிப் பசை எது?"

எல்லாரும் சட்டென்று ஒட்டுவதைத்தான் கேட்பார்கள்; இவர் தாமதமாக இறுகுவதைக் கேட்டார். நானும் சட்டென்று ஒட்டுவதற்குத்தான் போயிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு

(வேண்டாம். மட்டக்களப்புக் கதையில் நிலவு வந்தால் பின்னாலேயே பாடும் மீனும் வந்துவிடும்.)

இரண்டாம் முயற்சி: டஸ்டின் நல்ல மனிதர், ஆனால்

(ஆனால் என்ன? அது அப்போது எனக்கே தெரியாது.)

மூன்றாம் முயற்சி: டஸ்டின், புளியந்தீவுக்காரர், தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுகிறவர். கொக்கியில் இறகும் நூலும் சுற்றி இறால்குஞ்சு மாதிரிச் செய்து, முதுகில் எபொக்சி பூசுவார். இறுகினால் கண்ணாடியாக மினுங்கும். வாவியில் கொடுவா மீன் அதை உண்மை என்று நம்பி விழுங்கும்.

இதை டஸ்டின் வீட்டில் 'ஃப்ளை' என்பார்கள். 'பொய்ப்பூச்சி' என்றது நௌஷாட். கதை எழுதுகிறவனுக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

3

கடையில் மிச்சப் பேச்சு:

"அஞ்சு நிமிஷத்துல இறுகுறது இரிக்கி, டஸ்டின் அண்ணன். இல்லாட்டி இதப் பாருங்க, லைட் அடிச்சாக் காணும், கண்ண மூடித் திறக்கக்குள்ள கல்லு."

"அது வேணாம் தம்பி. அர மணித்தியாலம் எடுக்கிறதத் தாங்க."

"அவ்வளவு நேரமும் ஆரு வெச்சுக் கிறுக்குற? கிறுக்காட்டி ஒரு பக்கமா வழிஞ்சிருமே."

"வீட்ட ஆள் இரிக்கு."

(கிறுக்குவது என்றால் எங்கள் பக்கத்தில் சுழற்றுவது, திருப்புவது. தாளில் கோணல்மாணலாக எழுதுவதும் கிறுக்குவதுதான். நௌஷாட் சொன்னது முதலாவது. எனக்குக் கேட்டது இரண்டாவது.)

வீட்டிலுள்ள 'ஆள்' அவர் மனைவி பிலிஸ். இதற்கு மேல் வருவதெல்லாம் நான் கட்டியது.

4

பேர்த்தில் இருக்கும் மகள் ஜேமி, இருவரையும் வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். "மம்மிக்கு விருப்பமில்ல" என்றுவிட்டார் டஸ்டின். பிலிஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விருப்பமில்லாதவர் அவர்தான். போன மாதம் ஜேமி தாயிடமே, "ஏன் மம்மி வரமாட்டன் எண்டு சொன்னீங்க?" என்று அழுதபோது குட்டு வெளிப்பட்டது. அன்றோடு பிலிஸ் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஈஸ்டர் முடியத் தனியாகப் போகிறாள். திரும்பி வருவாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

இத்தனை கோபத்திலும் அவள் ஏன் அவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்? இதில்தான் மாட்டிக்கொண்டேன். எழுந்து நடந்தேன், தேத்தண்ணி குடித்தேன், மறுபடி நடந்தேன். பூச்சிகளைச் சுழற்ற டஸ்டின் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரைப் பூட்டி வைத்திருந்தார். அதை எரித்துவிட்டேன். ஆம், நான்தான் எரித்தேன். கரண்ட் போகும் நாட்களில் கொக்கியைப் பிடித்துச் சுழற்றுவது பிலிஸுக்குப் பழகிய வேலை. பேசாமல் வந்தாள், பேசாமல் பிடித்தாள்.

அன்று பூசியது ஐந்து நிமிடப் பசை. டஸ்டின் தொண்டையைச் செருமினார். "பிலிஸ், நான்..." என்பதற்குள் இறுகிவிட்டது. அவள் எழுந்து போனாள். மறுநாளும் அதே கதை. அதனால்தான் அவர் கடைக்கு வந்தார்.

(பார்த்தீர்களா, பொருந்துகிறது! துள்ளினேன். பொருந்தினால் உண்மையாகிவிடுமா என்ற பயமும் கூடவே வந்தது.)

5

புதுப் பசை. ரெசின், அதை இறுக வைக்கும் ஹாட்னர் இரண்டையும் ஓர் அட்டையில் சரிக்குச் சரி பிழிந்து, குமிழி வராமல் மெல்லக் குழைத்து, இறாலின் முதுகில் பூசிக் கொடுக்கிறார். பிலிஸ் சுழற்றுகிறாள். டஸ்டின் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. மோட்டாரையே எரித்துக் கொடுத்தேன், இந்த மனிதருக்கு இன்னும் என்ன வேண்டும்? அவருக்காக ஒரு வசனமும் எழுதிப் பார்த்தேன்: "பிலிஸ், போகப் பயம் எனக்குத்தான்." அவர் வாயில் அது நிற்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

அப்போது பிலிஸே பேசுகிறாள்:

"இன்னும் கிறுக்கணுமா?"

இறுகிவிட்டதா என்று பூச்சியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, விரலடையாளம் விழும். அட்டையில் மிஞ்சிய பசையைத்தான் தொட வேண்டும். டஸ்டின் தொடுகிறார். கல்லாகிவிட்டது. இந்த வெக்கையில் எந்தப் பசையும் சொன்ன நேரம்வரை காத்திருப்பதில்லை.

"காயல்ல," என்கிறார். "இன்னும் கொஞ்சம்."

6

இரண்டாவது பொய். முதலாவதும் அவளை நிறுத்தி வைக்கத்தான் சொன்னது.

முடிவு ஒன்று: அவள் நம்பிச் சுழற்றுகிறாள். (அவ்வளவு அப்பாவியா?)

முடிவு இரண்டு: கண்டுபிடித்து, எழுந்துபோய்ப் பெட்டி அடுக்குகிறாள்.

முடிவு மூன்று: பொய் என்று தெரிந்தே சுழற்றிக்கொண்டிருக்கிறாள். பிலிஸுக்கு இதுதான் விருப்ப

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை எழுதும்போதுதான் கை நின்றது. அவளிடம் கேட்காமல் அவள் விருப்பத்தைச் சொல்ல நான் யார்? டஸ்டின் செய்ததும் இதைத்தானே?

அதனால் எழுதவில்லை. நீங்களும் அவளுக்காகச் சொல்லிவிடாதீர்கள்.

பிலிஸ் ஒரு கையால் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். மற்றக் கை சும்மா இருக்கிறது. பசை மிஞ்சிய அட்டை டஸ்டின் பக்கம் கிடக்கிறது. அதை எடுத்து, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறேன்.