நான் செவிடாக இருந்த மூன்று வாரம்

ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு என் மகள் உல்பான் ஒரு ஹெட்போன் அனுப்பினாள். அவள் அல்மாத்தி நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே புதுச் சாமான் வாங்கியதும் பழையதை விலைக்குப் போட்டார்களாம், இவள் முந்திக்கொண்டாள். கறுப்பு நிறம், நல்ல கனம், காதை முழுக்க மூடிக்கொள்ளும். காது மெத்தையை மட்டும் புதிதாக மாற்றி அனுப்பியிருந்தாள்.

"அப்பா, இதுல தோம்ரா கேட்டுப் பாருங்க. வாசிக்கறவரு மூச்சு விடறதுகூடக் கேட்கும்" என்று போனில் சொன்னாள்.

எனக்கு எங்கள் ஊர் நரம்பு வாத்தியமான தோம்ரா என்றால் உயிர். அந்த இரண்டு தந்தி டொங்கென்று ஆரம்பித்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால் பார்சலைப் பிரித்த கையோடு ஹெட்போனைப் போனில் செருகிக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். நாலு வீடு தள்ளி யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்டது. சத்தத்தை ஏற்றினேன். கடைசிக் கோடுவரை ஏற்றினேன். ஆள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

காது போய்விட்டதோ என்று பயந்துபோனேன். காரணம், என் தொழில். நான் ஷூ என்ற ஊர் ஜங்ஷனில் ரயில் எஞ்சின் ஓட்டுநர். இருபத்தேழு வருடமாகச் சரக்கு வண்டி இழுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எங்களை டாக்டர்கள் குழுவின் முன் நிறுத்துவார்கள். காது டாக்டர் அறையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, வாயைக் கையால் மறைத்து, எண்களைக் கிசுகிசுப்பார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் விழித்தால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த துரார் அப்படித்தான் இறங்கினான். இப்போது லெவல் கிராசிங்கில் கொடி பிடிக்கிறான். நான் ஓட்டிக்கொண்டு போகும்போது கை காட்டுவான், எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே முடியாது. எனக்கு இந்தத் தடவை டாக்டர் முன்னால் நிற்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் உல்பான் மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் என் மனைவி கம்ஷாத் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்மா. மூச்சுகூடக் கேட்குது" என்றேன்.

வேறென்ன சொல்வது? சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி அனுப்பிய பிள்ளையிடம், உன் அப்பனுக்குக் காது போய்விட்டது என்றா சொல்ல முடியும்? ஹெட்போனைத் துடைத்து, அலமாரி மேல் வைத்து, "ரொம்ப நுணுக்கமான சாமான், யாரும் தொடாதீங்க" என்று சட்டம் போட்டேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான், யாரும் என்றால் கம்ஷாத்தான். அவள் மாட்டிப் பார்த்து, "ஐயையோ, என்ன சத்தம்" என்று கழற்றினால் என் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது. உதவி ஓட்டுநர் ஏதாவது கேட்டு நான் ஒரு நொடி தாமதித்தால் எனக்கு வேர்த்துவிடும். வீட்டிலோ கம்ஷாத் டிவியைக் கூட்டி வைக்க ஆரம்பித்தாள். "டீ ஆறுதுங்க" என்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் பாலிகிளினிக் நர்ஸ், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்டுபிடித்துவிட்டாள், என் மானம் போகக் கூடாதென்று வாயைத் திறக்காமல் எனக்காகக் கத்துகிறாள் என்று நினைத்தேன். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, ஹெட்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் பஜாருக்குப் போனேன். அங்கே கன்டெய்னர் கடைகளின் கடைசி வரிசையில் லூதாவின் கடை. கொரியக்காரி, அறுபதைத் தொட்டவள். கலாசார மாளிகையில் ஒலி வேலை பார்த்தவள், இப்போது கல்யாணப் பாட்டுக்காரர்களுக்கு மைக் செட் விற்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். என்னை எல்லோரையும்போல மரியாதையாக பஸேக்கே என்பாள். முழுப் பெயர் பஸார்பாய்.

"லூதா, சத்தத்தைக் கூட்டற பெட்டி ஏதாவது இருக்கா? ஒருத்தருக்கு வேணும். கொஞ்சம் காது மந்தம்."

"யாருக்கு?"

"தெரிஞ்சவரு."

"தெரிஞ்சவருக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கையில எவ்வளவு வச்சிருக்காரு?"

"இருபதாயிரம் தெங்கே. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. வீட்டுக்குத் தெரியாத காசு."

"தெரிஞ்சவரோட வீட்டு விஷயமெல்லாம் நல்லாத் தெரியுது உங்களுக்கு. சரி, எதுல மாட்டப்போறாரு?"

ஹெட்போனை எடுத்து வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உட்புறத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"இதை எதுல சொருகிக் கேட்டாரு?"

"போன்லதான்."

"குடுங்க போனை."

தானே மாட்டிக்கொண்டாள். நான் கேட்கும் அதே வாசிப்பைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தபடி இருந்தாள். 

"பஸேக்கே" என்றாள், "எனக்கும் ஒண்ணும் கேட்கல. நானும் செவிடுதானா?"

"என்ன சொல்ற?"

"இது அறுநூறு ஓம், மின்தடை ரொம்ப அதிகம். ஸ்டுடியோ மேஜையில மாட்டறது. இதை அசைக்கவே தனியா ஆம்ப்ளிபயர் வேணும். போன் பாவம் என்ன பண்ணும்? போதாததுக்கு இந்தப் பதிவு எந்தக் காலத்துதோ, அதுவே முனகுது."

எனக்கு மெதுவாக உறைத்தது. "அதாவது யார்டுல பெட்டி கோக்குற குட்டி எஞ்சினை வச்சு அறுபது வேகன் நிலக்கரியை இழுக்கப் பார்த்திருக்கேன்."

"அதேதான். வண்டி நகரலன்னா, டிரைவருக்குக் கால் போயிடுச்சுன்னு யாராவது ஒப்பாரி வைப்பாங்களா?"

ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.  துராரின் கொடி, கிசுகிசுக்கிற டாக்டர், எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். தெரிஞ்சவர் எப்போது காணாமல் போனார் என்று எனக்கே தெரியாது. அவளும் அவரைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"இப்ப வியாபாரம் பேசுவோம்" என்றாள். "ஒரு வழி, இதை என்கிட்ட குடுத்துட்டு, போனுக்கு ஏத்த லேசான ஹெட்போனா ஒண்ணு எடுத்துக்கறது. பெட்டி கிட்டி எதுவும் வேணாம்."

அதையும் போட்டுப் பார்த்தேன். சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் தோம்ரா, தகர டப்பாவில் தட்டுவதுபோல் இருந்தது. மகள் கொடுத்ததை விற்றுவிட்டு நான் என்ன முகத்தோடு அவளிடம் பேசுவது என்ற யோசனையும் ஓடியது. வேண்டாம் என்றேன்.

அடுத்து, மேல் தட்டிலிருந்த ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டி, "அது தொண்ணூத்தஞ்சாயிரம். சும்மா பார்த்துக்குங்க, பார்க்கறதுக்குக் காசு வாங்கறதில்ல" என்றாள். பிறகு சோவியத் காலத்து ஆம்ப்ளிபயர் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். கன்றுக்குட்டி கனம் இருக்கும். பதினெட்டாயிரம். அதில் என் ஹெட்போனைச் செருகி, குமிழைத் திருப்பினாள்.

அந்த மனுஷன் போர்வையை உதறிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். தந்தி அதிர்ந்தது. விரல் மரப்பலகையில் உரசியது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குமுன் அவன் மூக்கால் இழுத்த மூச்சு, சத்தியமாக, கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"அடியில ஏதோ உம்முனு இரையுதே" என்றேன்.

"பழைய பெட்டில்ல, இரையத்தான் செய்யும்."

"எனக்குக் கேட்குது, லூதா. அந்த இரைச்சல்கூட எனக்கு அப்படித் தெளிவாக் கேட்குது. இதையே குடுத்துடு."

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? இரைச்சல் கேட்கக் கூடாதுன்னுதான் உலகத்துல எல்லாரும் காசு குடுக்கறாங்க." அதைத் தள்ளிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சீனப் பெட்டியை எடுத்தாள். முன்னால் ஒரே ஒரு குமிழ். செருகிக் கேட்டேன். அதே மூச்சு, அதே விரல், அடியில் இரைச்சல் மட்டும் இல்லை. குமிழை நான் பாதிகூடத் திருப்பவில்லை.

"விலை?"

லூதா எழுந்து கன்டெய்னரின் கடைசிவரை போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏதோ முணுமுணுத்தாள்.

"பதினாலாயிரத்து ஐந்நூறு" என்றேன்.

"பாஸ்" என்று திரும்பி வந்தாள். "டாக்டரு என்னைவிட மெதுவாவா பேசப்போறாரு?"

அவள் சொன்ன விலையை அப்படியே எண்ணி நீட்டினேன். லூதாவுக்கு முகம் கடுத்தது.

"என்ன, பேரம் பேச மாட்டீங்களா? பஜார்ல நாலு பேரு பார்த்தா என்னை என்ன நினைப்பாங்க?"

"இன்னைக்கு என்னால முடியாது லூதா. நீயே பேசிக்கோ."

அவள் எனக்காகவும் சேர்த்துத் தனக்குத்தானே கொஞ்ச நேரம் சண்டை போட்டு, ஆயிரத்து ஐந்நூறைத் திருப்பிக் கையில் திணித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சத்தங்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தேன். எங்கோ ஒரு கதவின் கீல், காலுக்கடியில் காய்ந்த இலை, தூரத்து யார்டில் பெட்டிகள் முட்டிக்கொள்வது. எல்லாம் முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன, பயத்தில் நான் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கம்ஷாத் அடுக்களையில் எண்ணெயில் பவுர்சாக் பலகாரம் சுட மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காது போய்விட்டதென்று பயந்தது, மகளிடம் சொன்ன பொய், அறுநூறு ஓம், இந்தப் பெட்டி, அதற்காக எடுத்த, ஒளித்து வைத்திருந்த காசு. காசுக்குத்தான் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மாவுக் கையோடு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பெட்டி இல்லாததுதானா காரணம்? நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"வேற யாரு மாட்டினாலும் அப்படித்தான் கேட்குமா?"

"லூதாவுக்கே கேட்கலயே."

"சத்தியமாச் சொல்லுங்க."

"சத்தியமா. எதுக்கு இத்தனை தடவை கேட்கற?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. "ரெண்டாம் நாள் நீங்க டூட்டிக்குப் போனப்ப அதை எடுத்து மாட்டிப் பார்த்தேங்க. தொடாதேன்னு சொன்னா தொடாம இருப்பேனா? எனக்கு ஒண்ணுமே கேட்கல. நீங்கதான் மூச்சுகூடக் கேட்குதுன்னு உல்பான்கிட்ட சொன்னீங்களே. அப்ப போனது என் காதுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் இன்னொரு முக்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கிளினிக்ல ஸ்டெதஸ்கோப் வச்சு பிரஷர் பார்க்கறதுதாங்க என் வேலையே. காதை நம்பித்தானே பார்க்கணும்? இந்த மூணு வாரமா ஒவ்வொருத்தருக்கும் மூணு தடவை பார்க்கறேன். அதே எண் வந்தாலும் நம்பிக்கை இல்ல. வரிசையில நிக்கறவங்க கத்தறாங்க. பெரிய நர்ஸ் கூப்பிட்டு, உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னுகூட இருந்தேன்."

"அப்ப டிவியைக் கூட்டி வச்சது?"

"எனக்காகத்தான்."

"எனக்காகன்னு நெனச்சேன்."

"உங்களுக்கென்ன கேடு? நீங்கதான் மூச்சையே கேட்கற ஆளாச்சே."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. என் பயத்தை மறைக்க ஒரு வார்த்தை பொய் சொன்னேன், அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை மூன்று வாரம் செவிடாக்கி வைத்திருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் தூக்கிச் சாப்பிடுகிற நிம்மதி.

பெட்டியை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் செருகினேன். அவள் கை மாவாக இருந்ததால் நானே ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, காதோர முடியை ஒதுக்கிவிட்டு, குமிழை மெல்லத் திருப்பினேன். அவள் தோள் தூக்கிப்போட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், மாவு பிடித்த விரல்கள் மடியில் தாளம் போட்டன.

"உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும், கம்ஷாத். தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"என்னங்க சொல்றீங்க? கேட்கல" என்றாள், கண்ணைத் திறக்காமல், சிரித்த முகத்தோடு.

அந்த 'கேட்கல' என்ற ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரமாக ஒருவர் முன்னால் ஒருவர் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தோம். நான் குனிந்து, ஒரு பக்கக் காதை மட்டும் விலக்கி, இன்னொரு தடவை சொன்னேன்.