கடைசிப் படி

மகள் பொற்கொடியின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து அழகி கடைத்தெருவுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். தக்காளிக்காரர்கூட "பொற்கொடிக்கு கட் ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசை எடுக்கிறார். அவரவர் பிள்ளை மார்க்கை அவரவர் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

குவைத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் அவள் கணவர் ஆரோக்கியதாஸ் அதற்கும் மேலே. மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரப்போகிறாள் என்று அறையில் தங்கியிருக்கும் எட்டுப் பேருக்கும் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டார். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எல்லாமே கம்ப்யூட்டர்தான். வெயிலில் நிற்பது தன்னோடு போகட்டும், மகள் ஏசியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. தப்பான ஆசை என்று யார் சொல்ல முடியும்?

கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி உறுதிசெய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அறந்தாங்கியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் திருப்பதி கம்ப்யூட்டரைத் தட்ட, அழகி பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பத்தாவது படித்தவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாதா? முதல் ஆறு வரியிலும் சிவில் என்றிருந்தது. மகளைப் பார்த்தாள். மகள் தன் செருப்பைப் பார்த்தாள்.

ஓடிபி வருவது ஆரோக்கியதாஸின் நம்பருக்கு. விண்ணப்பம் போட்டபோது லீவில் இருந்தவர், வீட்டுத் தலைவர் என்ற தோரணையில் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மோடு விமானம் ஏறிவிட்டார். இப்போது ஆறு எண்களையும் அழகிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

எண்களை வாசித்திருந்தால் வேலை முடிந்தது. அந்தக் கும்பிடைப் பார்த்த பிறகு அழகிக்கு வாய் வரவில்லை. போன் போட்டாள். அங்கே கோடை வெயிலுக்காக மதிய வேலையை நிறுத்தி வைத்திருக்கும் நேரம்.

"ஏங்க, புள்ள சிவில மேல போட்டுருக்கா. ஒங்களுக்குத் தெரியாம நம்பரைக் குடுக்க எனக்கு மனசு வரல."

 போனை அவளிடம் கொடு என்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று மகளைக் கேட்டார்.

"நீங்க நம்ம வீட்டு மாடிப்படி கட்டுறப்ப, கடைசிப் படி குட்டையா வரும்னு சொன்னேன்லப்பா. எனக்கு அந்தக் கணக்குத்தான்ப்பா பிடிச்சிருக்கு." சொல்லும்போதே பொற்கொடிக்கு அழுகை வந்துவிட்டது.

பொய்யில்லை. பதினேழு படியில் பதினாறு ஆறரை அங்குலம், கடைசி மட்டும் நாலு. அப்போது ஒன்பதாவது படித்த பிள்ளை நோட்டில் போட்டுக் காட்டியதை, இருபது வருசக் கொத்தனார் சிரித்தே தள்ளிவிட்டார். இன்றைக்கும் மாடிக்குப் போகிறவர்கள் அங்கே கால் தடுக்காமல் போவதில்லை. போன லீவில் அவரே தடுக்கினார். யாரும் பார்க்கவில்லை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போனை வைத்துவிட்டார். ஓடிபிக்கும் நேரம் கடந்துவிட்டது. திருப்பதி புதிதாக ஒன்றை அனுப்பச் சொல்லித் தட்டிவிட்டுக் காத்திருந்தான். மணி நாலே முக்கால். ஆரோக்கியதாஸ் அண்ணன் அனுப்பாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

"அப்பா எழுதுனதையே போட்ருங்கண்ணே" என்றாள் பொற்கொடி.

"செத்த இருடி" என்று அழகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. ஆறு எண்கள். அடியில் அவர் குரல்.

"வெயில்ல நிக்கிறப்ப தலைக்குத் துண்டு கட்டிக்கிறச் சொல்லு. அந்தப் படிய யாரும் தொட வேணாம். லீவுல வந்து நானே இடிச்சிட்டு, அவ கணக்குப்படி கட்டுறேன்."

அழகி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, சென்டர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.