எச்சரிக்கைகளுக்கு அவள் எழுதிய பதில்கள்

1.
முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மச்சினியிடம் சுட்டது. எலக்ட்ரானிக் சர்க்யூட் வரையும் கம்பெனியில் வேலை அவளுக்கு. சாப்பிடும்போது பாதி சொன்னாள், அதற்குள் ஃபோன் வந்து எழுந்து போய்விட்டாள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

2.
வானம் மேகமூட்டத்தோடு... (வேண்டாம். அவள் உட்காரும் இடத்திலிருந்து வானம் தெரியாது.)

நேராகவே வருகிறேன். அவள் வரைந்துகொண்டிருந்தது வாசல் மணிக்கான சர்க்யூட். அந்த சாஃப்ட்வேரில் செய்தி ஜன்னல் என்று ஒன்று உண்டு. வரைந்ததில் எங்கே என்ன கோளாறு என்று வரிவரியாகச் சொல்லும். ஒரு கோடு இழுத்தால் மூன்று வரி புலம்பும். (இங்கே என் மாமியாரை உவமையாகப் போட்டிருந்தேன். இவள் அந்த மாமியாரின் மகள் என்பது ஞாபகம் வந்து அடித்துவிட்டேன்.)

அப்படி வரும் ஓர் எச்சரிக்கையை ஒதுக்க வேண்டுமானால் பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும், கம்பெனி சட்டம். முதல் நாள் 'சரிபார்த்தாயிற்று' என்று ஒழுங்காகத்தான் எழுதினாள். நாற்பதாவது எச்சரிக்கைக்கு, 'தெரியும்.' எண்பதாவதற்கு, 'தெரியும்னு சொன்னேன்ல.' மேனேஜர் கேட்டு வாங்கிய நீல விளக்குக்கு நேராக, 'இது அவர் ஆசை. அவரைப் போய்க் கேள்.'

நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அந்த ஜன்னலைப் பிடித்து இழுத்துத் திரைக்கு வெளியே தள்ளினாள். காணாமல் போயிற்று. அப்பாடா என்றிருந்தது.

3.
எங்கே போயிற்று? அவள் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது திரை ஒன்று இருந்தது: சுவருக்கு அந்தப் பக்கம், மீட்டிங் அறையில் தொங்கும் பெரிய திரை. எப்போதோ யாரோ படம் காட்ட இழுத்த வயரைக் கழற்றவே இல்லை.

அன்று அந்தத் திரைக்கு முன்னால் வாசல் மணி வியாபாரி. அவள் தனியாக வரைந்த முதல் சர்க்யூட் போர்டு இது. அவர் தலையாட்டினால் ஆர்டர். இல்லையென்றால் மறுபடியும் அடுத்தவர் வரைந்ததைத் திருத்தும் வேலைதான் அவளுக்கு.

சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். மேனேஜர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் உள்ள வாம்மா" என்றார். அவர் முகம்

(எச்சரிக்கை: கதாசிரியர் மேனேஜருக்கு முகமே கொடுக்கவில்லை. பதில்: தெரியும்.)

4.
திரை முழுக்க அவள் பதில்கள். வியாபாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீல விளக்கு உங்க ஆசையாமே சார்?" என்று மேனேஜரைக் கேட்டார். பிறகு ஒரு வரியைக் காட்டி, "எல்லாம் மஞ்சளா இருக்கு. இது மட்டும் ஏம்மா சிவப்பா இருக்கு?"

'இரண்டு கோடுகள் ஒட்டுகின்றன.' நேராக அவள் பதில்: 'உளறாதே.'

உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே ஒட்டியிருந்தன. அப்படியே செய்தால் பட்டனை அமுக்கியதும் மணி புகைந்துவிடும்.

முடிவு அ: "அது சும்மா சார்" என்றாள். (எழுதிப் பார்த்தேன். மேனேஜரும் கண்ணால் அதைத்தான் கெஞ்சிக் கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: திடீரென்று கரண்ட் போய்... (என் சோம்பேறித்தனம்.)

வேறு வழியில்லாமல் மச்சினிக்கே ஃபோன் போட்டேன்.

"நானா? 'அது சொன்னதுதான் சரி சார், நான்தான் கவனிக்கல'ன்னேன். அவ்வளவுதான் மாமா."

"அவர் என்ன சொன்னார்?"

"அதைச் சொல்ல மாட்டேன். நீங்க எழுதிடுவீங்க."

வைத்துவிட்டாள்.

5.
ஆகவே வியாபாரியை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முதன்முதலாகத் தனியாக ஒரு காரியம் செய்தவள், அதிலுள்ள தப்பைத் தன் வாயாலேயே உங்களிடம் சொல்லிவிட்டு நிற்கிறாள். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். பாவம், அவளுக்குக் கால் கடுக்கிறது.