அரண்மனைக்குச் சொந்தக்காரி

கடை ஷட்டரை முழுசாகத் தூக்கும் முன்பே நாகஜோதிக்கு அலுத்துவிட்டது. போன் அதற்குள் பலமுறை அதிர்ந்திருந்தது. யாரோ வீட்டு கேட் திறந்ததாம். யாரோ வீட்டு மோட்டார் நின்றதாம்.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்த வினை. வீட்டு இன்டர்நெட்டில் அதை மாட்டினால் விளக்கு, மோட்டார், கேட் எல்லாம் போனுக்குள் வந்துவிடும். டிவி கம்பெனி அடிமாட்டு விலைக்குத் தந்தது. கம்பம் ஊருக்குள் நாற்பது சொச்சம் வீடுகளில் மாட்டினாள். மாட்டும்போது ஓடிபி கேட்கும். போன் வைத்திருக்கும் ஆள் திராட்சைத் தோட்டத்தில் நிற்பார். "உன் நம்பரையே போட்டுரு ஆத்தா" என்பார்கள். கேஸ் சிலிண்டர் பதிவுக்கே கடை நம்பரைக் கொடுத்துப் பழகிய ஊர். அவளும் போட்டாள். எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு.

அன்று சென்னையிலிருந்து கம்பெனி மேனேஜர் மதன்குமார் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான்.

"மேடம், எங்க ஸ்கிரீன்ல கம்பத்துல ஒரே ஒரு வீடுதான் தெரியுது. அந்த வீட்டுக்கு நாப்பது கேட்டு! ஹெட் ஆபீஸ்ல ஏதோ அரண்மனைன்னு நினைச்சிட்டிருக்காங்க."

நாகஜோதிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "பெட்டி வித்துருச்சுல்ல தம்பி? வேறென்ன?"

"பெட்டியில எங்களுக்கு நஷ்டம்தான். எத்தனை வீடு எங்க கையில இருக்குன்னு காட்டினாத்தான் பூட்டு கம்பெனி, கேமரா கம்பெனி எல்லாம் எங்க பெட்டிக்குள்ள வருவாங்க. காசே அங்கதான். வீடு வீடாப் பிரிச்சு விடுங்க. இல்லேன்னா டீலர்ஷிப் தேனிக்குப் போயிரும்."

டீலர்ஷிப் போனால் அந்தக் கம்பெனியின் டிவியும் பிரிட்ஜும் சேர்ந்து போகும். கடையில் பாதி அதுதான். பெருமூச்சோடு எதிர் வீட்டு முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் நம்பரைப் போட்டு, அவர் வீட்டைத் தனியே பிரித்தாள்.

அடுத்த நிமிஷமே அவர் போன் பேசியது: "வணக்கம் முத்துராமலிங்கம்! உங்கள் வாசலுக்கு ஒரு கேமரா வேண்டுமா?"

"என்னத்தா, பேரைச் சொல்லிக் கூப்பிடுது?" அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இந்தக் கேமரா உங்கிட்ட என்ன வெல?"

சொன்னாள்.

"இங்கன ஐநூறு கம்மியாப் போட்டிருக்காகளே. வீட்டுக்கே வந்து குடுப்பாகளாம்." சொன்ன பிறகுதான் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நழுவினார்.

நாகஜோதி மதன்குமாரைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

"பிரிச்சு விட்டப்பறம் நான் எதுக்குத் தம்பி?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் உங்களுக்கு கமிஷன் உண்டு மேடம். ஒரு தடவை."

சோம்பலில் போட்ட தன் நம்பர்தான் இத்தனை நாளும் கடைக்குக் காவலாக நின்றிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க கம்பெனி போர்டைக் கழட்டித் தேனிக்கே கொண்டு போங்க."

"யோசிங்க மேடம்."

"யோசிச்சா பிரிச்சுத்தான் விடுவேன். அதான் யோசிக்கல."

மத்தியானத்துக்குள் பலகை இறங்கிவிட்டது. டிவிகளை எடுக்க நாளை வண்டி வருமாம். அவள் நாற்காலியில் சரிந்து, நெற்றியை அமுக்கிக்கொண்டு கிடந்தாள். போன் மட்டும் அதிர்ந்தபடியே இருந்தது.

சாயங்காலம் முத்துராமலிங்கம் திரும்பி வந்தார். "இந்தா ஆத்தா, இதை உன் நம்பருக்கே மாத்திரு. காலையில இருந்து பேரைச் சொல்லிச் சொல்லி உசிரை வாங்குது. உங்க அத்தை கூட இம்புட்டுக் கூப்பிட்டதில்ல."

மாற்றினாள். அவர் நகரவில்லை.

"என்ன மாமா?"

"அந்தக் கேமராவுக்கு ஆர்டர் அமுக்கிட்டேன்த்தா. நாளைக்கு வருதாம். அதை மாட்டத்தான் ஆள் வரமாட்டாகளாம்..."

நாகஜோதி அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த ஏணியை இழுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாரேன் மாமா. கூலி உண்டு."