சுவருக்கு அந்தப் பக்கம்

நத்தையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவது அந்தத் தெருவில் எல்லாரும் செய்கிற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரியம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுவார்கள். பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பொத்தென்று ஒரு வீச்சு. கேட்டுப் பாருங்கள், ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட்ஷையர் மாவட்டம் முழுக்க இப்படித்தானோ என்னவோ, அந்தத் தெருவில் இப்படித்தான்.

பெரில் ப்ரோசர் மட்டும் என்ன விதிவிலக்கா? முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தாறு. வீட்டு முன்னால் கைக்குட்டை அளவு தோட்டம், அதில் பனிக்காலத்திலும் பூக்கிற ஹெலிபோர், ப்ரிம்ரோஸ், வயோலா. அந்தக் குளிர்காலமோ குளிரவே இல்லை. மழை, மறுபடி மழை, அதற்குப் பிறகும் மழை. மண்ணுக்குள் போய் முடங்க வேண்டிய ஓடில்லாத நத்தைகள் கிறிஸ்துமஸ் வந்தும் விருந்தாளி மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன.

பெரில் தன்னால் ஆனதைச் செய்தாள். நத்தைகள் அடியில் வந்து ஒதுங்கட்டும், பொறுக்கலாம் என்று சாறு பிழிந்த ஆரஞ்சு மூடிகளைக் கவிழ்த்து வைத்தாள். பலகை போட்டு வைத்தாள். பூந்தொட்டிகளைத் தூக்கி அடியில் ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக் கிடந்த முட்டைகளை வழித்து எடுத்துப் பறவைகளுக்குப் போட்டாள். தினமும் சாயங்காலம் நாலரைக்கு, இருட்டத் தொடங்கியதும், டார்ச்சும் வாளியுமாக இறங்கினால் முப்பது நாற்பது கிடைக்கும். எடுத்த பிறகு என்ன செய்வது? கொல்ல அவளுக்கு மனசு வராது. உப்புத் தூவினால் நுரைத்துச் சாகிறதைப் பார்க்கச் சகிக்காது. கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்பார்கள், இதைத் தின்னவா முடியும்? அதனால் சுவருக்கு மேலே ஒரே கவிழ்ப்பு. ஒரு உயிரையும் கொல்லவில்லை என்கிற நிம்மதியோடு உள்ளே போய் டீ போடுவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆல்வின் ப்ரீஸின் தோட்டம். அவருக்கு எழுபத்தெட்டு. மனைவி ஈனிட் போன வருஷம் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போனது சுவரோரமாக ஒன்பது டெல்பீனியம் செடிகள், ஆள் உயரத்துக்கு நீலக் கதிர் விடுகிற ரகம். இருபது வருஷம் விதை எடுத்து, விதைத்து, பிடிக்காததைப் பிடுங்கி எறிந்து, அவளே தேர்ந்தெடுத்த நீலம். கடையில் கிடையாது, பெயரும் கிடையாது. குளிர்காலத்தில் தண்டெல்லாம் காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மாதிரி அடிக்கட்டை மட்டும் உயிரோடு கிடக்கும்; நத்தை ஏறாமலிருக்க அதன் மேல் சொரசொரப்பான மணலைப் பரப்பி வைத்திருந்தார்.

டிசம்பர் கடைசியில் ஆல்வின் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டருகே வந்தார்.

"ஏம்மா பெரில், இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. ஜனவரி மூணாம் வாரம். அப்புறம் எங்க அக்கா வீட்ல ரெண்டு மாசம் கிடக்கணுமாம்."

"அப்பாடா, இப்பவாவது குடுத்தாங்களே! போய்ட்டு வாங்க, நல்லபடியா ஆயிடும்."

"எனக்கு என்னைப் பத்திக் கவலையில்ல. ஈனிட்டோட செடிதான். ஜூலைல ரோவீனாவுக்குக் கல்யாணம். அம்மா பூவைத்தான் கையில பிடிச்சுட்டுப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா பொண்ணு. வாரம் ஒரு தடவ மணலை விலக்கிப் பாத்து, நத்தை இருந்தா எடுத்துட்டு, புது மணல் போட்டுடறியா? உன்ன விட்டா நான் யாரை நம்புவேன்?"

"இதெல்லாம் ஒரு வேலையா? சாவியக் குடுங்க" என்றாள் பெரில். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. நேற்று சாயங்காலம் கவிழ்த்த வாளி அவளுக்கு ஞாபகம் இருக்காதா?

அன்றிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சாலையைத் தாண்டி நூறு எட்டு எடுத்து வைத்தால் ஆடு மேய்கிற வயல். அங்கே கொட்டலாம். நாலு நாள் கொட்டினாள். ஐந்தாம் நாள் சாரல், முழங்கால் வலி. 'இன்றைக்கு ஒரு நாள்' என்றாள். மறுநாளும் அந்த ஒரு நாள்தான். கெட்ட பழக்கத்துக்குக் காரணமா கிடைக்காது? அதுதான் மணல் போட்டிருக்கிறதே, சொரசொரப்பில் நத்தை ஏறாது என்று தனக்குத்தானே வக்கீலாகி வாதாடி, தனக்குத்தானே ஜட்ஜாகித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நத்தை இருந்தது, எடுத்தாள். பிப்ரவரியில் மழை விடாமல் அடித்ததும் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதோடு சரி. மணல் மணலாகத்தான் தெரிந்தது. ஆல்வின் போன் செய்து கேட்டால், "ஜம்முனு இருக்கு, நீங்க காலைப் பாத்துக்கங்க" என்பாள். போனை வைத்த கையாலேயே வாளியை எடுப்பாள். சனியன் பிடித்த கை!

மார்ச் முதல் வாரம் வெயில் எட்டிப் பார்த்தது. பெரில் சாவியோடு போய், மண்டி போட்டு, முதல் செடியின் மணலை விலக்கினாள். அடிக்கட்டை இருந்த இடத்தில் சட்டி மாதிரி ஒரு குழி. குழிக்குள் விரல் தடிமனில் மூன்று நத்தைகள் சுருண்டு கிடந்தன. மணலை ஏறி வரவில்லை, மழையில் கரைந்த மண்ணுக்கு அடியிலேயே புகுந்து வந்திருக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதே கதி. முளைக்க முளைக்கத் தின்று தீர்த்திருந்தன. ஒன்பதாவதில் மட்டும், கோடியில், சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு பச்சை.

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எங்கிருந்தோ வந்தவை அல்ல. குளிர்காலம் முழுக்க நாளைக்கு நாற்பது என்று அவளே ஊட்டி வளர்த்த பட்டாளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறின கையால் ஈனிட்டின் செடியை நத்தைக்குப் பரிமாறியிருக்கிறாள். "அடிப் பாவி" என்று சத்தமாகவே தன்னைத் திட்டினாள். அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறு. பெரில் என்ன செய்தாள்? பஸ் ஏறி டவுனுக்குப் போய், நாற்றுப் பண்ணையில் எட்டு டெல்பீனியம் தொட்டி வாங்கினாள்.

"எந்த நீலம்மா வேணும்? வெளிர், கருநீலம், ஊதா கலந்தது, எல்லாம் இருக்கு" என்றான் கடைக்காரன்.

"ஏதோ ஒரு நீலம் குடுப்பா" என்றாள். இருபது வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பூவின் நிறம், கேட்டபோது கண்ணுக்குள் வரவில்லை.

நட்டு, சுற்றி மணலைப் பரப்பிச் சமப்படுத்தினாள். அச்சு அசலாக இருந்தது. இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மார்ச் இருபதாம் தேதி ஆல்வின் வந்து இறங்கினார். இரண்டு ஊன்றுகோல், மெலிந்த முகம். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை, நேராகச் சுவரோரம்.

"கிட்டப் போய்ப் பாக்க முடியாது, குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். நீ எண்ணிச் சொல்லு பெரில்."

"ஒம்பது" என்றாள் அவள்.

"ஒம்பதுமா?"

"ஒம்பதும்."

அவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஈனிட் இருந்தா உன்னக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பா. இரு, ரோவீனாகிட்ட சொல்லிடறேன்." கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று மகளை அழைத்தார். "கண்ணு, உங்கம்மா செடி பூரா பொழச்சிடுச்சு. எல்லாம் பெரில் ஆன்ட்டி புண்ணியம். இந்தா, நீயே பேசு."

போன் பெரிலின் கைக்கு வந்துவிட்டது.

"ஆன்ட்டி!" என்றது ரோவீனாவின் குரல். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அம்மாவோட கடைசி மாசம் நான் வரவே இல்ல, உங்களுக்குத் தெரியும். வேலை வேலைன்னு தள்ளிப் போட்டேன். அது நெஞ்சுல முள்ளா இருக்கு. கல்யாணத்தன்னிக்கு அந்தப் பூவ கையில வெச்சிருந்தா, அம்மா கையப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்கும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

பெரில் ஆல்வினைப் பார்த்தாள். அவர் செடிகளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரோவீனா, நான் சொல்றத குறுக்க பேசாமக் கேளு" என்றாள். "உங்கம்மா செடி எட்டு செத்துப் போச்சு. இங்க இருக்கறது நான் கடையில வாங்கி நட்டது. செத்ததுக்குக் காரணமும் நான்தான். எங்க தோட்டத்து நத்தையெல்லாம் குளிர்காலம் பூரா சுவருக்கு மேல இந்தப் பக்கம்தான் கொட்டினேன். தெரிஞ்சேதான் கொட்டினேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி. அது மட்டும் உங்கம்மாது."

ரோவீனா, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"இப்பதான் தெரியும். பக்கத்துலதான் நிக்கிறார்."

ஆல்வின் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பெரிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "அழாதம்மா... அழாத... ஒண்ணு இருக்குல்ல..." என்று மெல்லப் பேசினார். பேசி முடித்த பிறகும் திரும்பவில்லை.

"சாவிய அந்தச் சுவர் மேல வெச்சிடு" என்றார்.

பெரில் வைத்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் ஊன்றுகோலைத் தூக்கித் தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் கேக்கற நெலமைல நான் இல்ல. நாப்பது வருஷமா அவ பக்கத்துல இருந்த எனக்கே அவளக் காப்பாத்தத் தெரியல, உன்ன என்ன சொல்ல. ஆனா கோவம் வருது பெரில், ரொம்பக் கோவம் வருது. நீ இப்பப் போயிடு."

அவள் கேட் வரைக்கும் போய்விட்டாள்.

"பெரில்!"

திரும்பினாள். அவர் அந்தக் கோடிச் செடியைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

"நாளைக்கு சாயங்காலம் வந்துடு. ஜூலை வரைக்கும் தினம் வரணும். அந்த ஒண்ணச் சுத்தி நத்தை பொறுக்கணும், என்னால குனிய முடியாது."